ஆற்றோர வீடு பார்க்கும் தம்பிக்கு

தம்பி, மலேசியாவில் பினாங்கின் பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, நிபோங் திபாலில் கிரியான் ஆற்றங்கரைப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தெருவில் பெரும்பாலும் வயதானவர்கள், சத்தமில்லாத இடம், வாடகையும் பினாங்குத் தீவைவிடக் குறைவு. மனைவியும் கைக்குழந்தையுமாக அங்கே இருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக இருக்கலாம். ஆனால் வீட்டைப் பார்க்கப் போனபோது அடுக்களைச் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். வாசலில் நின்று ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்த ஆறு கடலுக்குப் பக்கம். ஏற்றமும் இறக்கமும் ஆற்றில் நன்றாகத் தெரியும். மழை மட்டும் பெய்தால் சாக்கடைத் தண்ணீர் ஓடி இறங்கிவிடும். பெரிய மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் அது போக இடமில்லாமல் தெருவிலேயே நிற்கும். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை அதிகம். 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய மழையில் தீவும் இந்தப் பெருநிலப் பக்கமும் மூழ்கிக் கிடந்ததை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்களுக்கு வீடு காட்டிய ஏஜெண்டு மட்டும் சொல்ல மாட்டார்.

அதனால் இன்னொரு முறை போங்கள். கதவு நிலையின் கீழ்ப்பக்கம் ஊறி உப்பியிருக்கிறதா, பிளக் பாயிண்ட் வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் ஃபிரிட்ஜ் செங்கல் மேல் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். கீழ்ச்சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். இதையெல்லாம்விடச் சுலபமான வழி, அந்தத் தெருவில் மிக வயதானவர் யாரோ அவரிடம் போய்ப் பேசுவது. தண்ணீர் எந்த வருஷம் எந்தப் படிவரை வந்தது என்று விரலை வைத்தே காட்டுவார்.

நாங்கள் வந்தது தீவுக்குப் போகும் இரண்டாம் பாலம் திறப்பதற்கு, அதாவது 2014க்கு, வெகு முன்பு. எங்கள் ஏஜெண்டும் புதுப் பெயிண்ட் ஆசாமிதான். அக்டோபர் மாதம் ஒரு நடுராத்திரி எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் கேட்டைப் போட்டுத் தட்டினார். என் கணவர் நைட் ஷிப்டில். எனக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது, பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து நின்றேன். அவரோ பேசிப் பயனில்லை என்று உள்ளே வந்து, அரிசி மூட்டையைத் தூக்கி மேசை மேல் வைத்தார், பிள்ளையின் மெத்தையைச் சுருட்டினார், மெயின் சுவிட்சை அணைத்தார். தண்ணீர் அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்தது. வீட்டை விட்டபோது, வெள்ளத்தில் கதவு கெட்டுப்போனதற்கு நாங்களே பொறுப்பு என்று சொல்லி உரிமையாளர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், அரை மாதம் தண்ணீர், கரண்டுக்காகவும் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் குடிபோகும் அன்றே ஒவ்வொரு கதவையும் படம் எடுத்து வைத்துவிட்டு, ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டுங்கள். கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியாக எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த வயதானவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள், பெருநாளுக்கு வருவார்கள். நீங்கள் கார் வைத்திருக்கும் ஆள் என்று தெரிந்ததும் சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிக்கும் பாரிட் புந்தார் கடைத்தெருவுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கைப்பேசியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று ராத்திரி ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள். எட்டரைக்குத் தெரு தூங்கிவிடும், ஐந்து மணிக்குத் துடைப்பச் சத்தம் கேட்கும். ஷிப்ட் முடிந்து பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தீர்களானால் மறுநாள் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். சாவுக்கும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். வயதானவர்கள் தெரு என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

நம் ஊரிலிருந்து வருகிற சிலரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தீவில் உயரமான அடுக்குமாடியில், நம்மூர்க்காரர்களே இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குள் குடித்தனம் நடத்திவிட்டு, இங்கே யாரும் பழகுவதில்லை என்பார்கள். அதைவிட மோசம், இங்குள்ள தமிழர்களைப் பார்த்து "தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்பது. தம்பி, அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாக இருந்தபோதே நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது, இப்போது செம்பனை. தோட்டங்கள் கைமாறியதும் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு இந்தத் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்தவர்கள்தான் உங்கள் அண்டைவீட்டார். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி கலிடோனியா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். அங்கே இடிந்து கிடக்கும் தொண்ணூற்றொன்பது கதவு பங்களாவைப் பற்றிப் பேய்க்கதை சொல்லியே என் மகனுக்குச் சோறு ஊட்டுவார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மலாய்கூட எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார், முக்கால்வாசி திட்டுகிற சொற்கள். இன்று ஹொக்கியன் என்கிற சீனப் பேச்சுமொழியில் மீன் விலை பேசுகிறேன் என்றால் அந்தத் தெருதான் காரணம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மூர் மளிகை எல்லாம் கிடைக்கும், இட்லி அரிசிக்கு அழ வேண்டாம். கார் இல்லாமல் முடியாது, பஸ்ஸை நம்பாதீர்கள். பட்டர்வொர்த்துக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து தீவுக்கு ஃபெர்ரி. பாலத்தில் போனால் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல். பள்ளிக்கூடம் பற்றி இப்போதே கேட்பானேன், குழந்தை முதலில் நடக்கட்டும். கொசு உண்டு, டெங்கியும் உண்டு, பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். சாக்கடையில் உடும்பு வந்தால் உங்கள் மனைவி அலறுவார், பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள், அது தானாகப் போய்விடும். கரை மரங்களில் மின்மினி பார்க்கப் படகு விடுகிறார்கள், நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். தெருவில் ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்தார் சங்கம் இருந்தால் முதல் மாதமே பெயர் கொடுத்துவிடுங்கள், எல்லோரும் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் ஒன்றுக்கு மண்வெட்டியோடு போய் நின்றால் போதும், அறிமுகம் முடிந்தது.

வீடு எந்தத் தாமான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆற்றுக்கு ஒட்டின வரிசையா, ரயில் பாதைப் பக்கமா? அதைச் சொல்லுங்கள், வாடகை நியாயமா என்று பார்த்துச் சொல்கிறேன்.