ஆய்வுக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்துக்குப் போகிறேன். வயது 26. பீலியில் கை கழுவ ஆரம்பித்தால் தோல் உரியும் வரை விடமாட்டேன், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பேன். கிளினிக்கில் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றையே செய்ய வைக்கும் நோய்) என்று சொல்லி மாத்திரை தருகிறார்கள். இப்போது பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். "உன்னை வச்சு சோதனை பண்ணப் போறாங்க" என்று அம்மா பயப்படுகிறார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தெரிந்தால் கல்யாணப் பேச்சும் நின்றுவிடும். போகலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: போகலாம், தங்கச்சி. உங்கள் கடிதம் நீளம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் "போகலாமா, உறுதியாகச் சொல்லுங்கள்" என்று இருந்தது. அதனால்தான் முதல் வரியிலேயே சொன்னேன், இனிச் சொல்லமாட்டேன். கோபமில்லை. அடுத்தவரிடம் உறுதி கேட்டுக்கொண்டே இருப்பதும் கை கழுவுவது மாதிரி இந்த நோயின் வேலைதான், கேட்டதும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் சந்தேகம் இன்னும் பெரிதாக வரும்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. வாசிக்கத் தெரியாத தாளில் ஒப்பம் வைத்த கதைகள் நம் மலையில் கொஞ்சமா? ஆனால் மருத்துவ ஆய்வுக்கு விதிகள் இருக்கின்றன, உலக மருத்துவச் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஹெல்சின்கி பிரகடனத்திலிருந்து வருபவை. என்ன செய்வார்கள், என்ன பாதிப்பு வரலாம் என்று விளக்காமல் உங்களைச் சேர்க்கக் கூடாது. நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும். பாதியில் காரணம் சொல்லாமலே விலகலாம், அதற்காகக் கிளினிக்கில் உங்களைக் கவனிப்பது குறையக் கூடாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டி "ஒன்றுமில்லை, போடுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த மாதிரி ஆய்வு என்றும் கேளுங்கள். சிலதில் வெறும் கேள்விகள்தான், வழக்கமான ஓ.சி.டி. அளவுகோலில் பத்துக் கேள்வி, மொத்தம் 40 புள்ளி. சிலதில் இரத்தமோ எச்சிலோ எடுப்பார்கள், சிலதில் மூளையை ஸ்கேன் செய்வார்கள். புது மருந்து என்றால் கதை வேறு: குலுக்கல் போட்டு உங்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரையும் கிடைக்கலாம். அதற்காக இப்போது குடிக்கும் மாத்திரையை கிளினிக் டொக்டரிடம் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள், ஓ.சி.டி.க்கு அது சரியாகப் பிடிக்கவே 10, 12 வாரம் ஆகும்.

ஆய்வு வைத்தியமும் இல்லை. பலன் பின்னால் வருகிறவர்களுக்குப் போகலாம், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். உங்களுக்கு வேண்டியது, அழுக்கு என்று நினைப்பதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க மெல்ல மெல்லப் பழக்கும் சிகிச்சை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய காலத்திலிருந்து கைகொடுத்து வருகிறது. அது கிடைக்குமா என்று கிளினிக்கில் தனியாகக் கேளுங்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அந்தக் கேள்வித்தாளே உங்களுக்குத் தீனியாகிவிடும். மூன்றாவதற்கு 2 போட்டேனா 3 போட்டேனா, பொய் சொல்லிவிட்டேனோ, என்னால் ஆய்வே கெட்டுப்போகுமோ என்று இராத்திரி முழுக்க ஓடும். முதலில் தோன்றுகிற இலக்கத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து போன் எடுத்துத் திருத்தாதீர்கள். இப்படி ஓடும் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லலாம், இந்த நோயை ஆராய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. முதல் சோதனையிலேயே "நீங்கள் பொருந்தவில்லை" என்றால் உங்கள் நோய் பொய் என்று அர்த்தமில்லை, அது அவர்களுடைய சேர்க்கை விதி.

லயத்தில் தெரியாமல் இருக்க, தோட்டத்து விலாசத்தைக் கொடுக்காதீர்கள். கடிதம் ஆபீஸ் வழியாகக் கைமாறித்தானே வரும்! போன் நம்பர் போதும். தாள்களில் பெயருக்குப் பதில் இலக்கம்தானா போடுவார்கள் என்றும் கேளுங்கள். பஸ் காசு தருவார்களா என்று கேட்க வெட்கப்படவேண்டாம். முடிந்தால் கிளினிக் நாளிலேயே ஆய்வுக்கும் வரச்சொல்லக் கேளுங்கள், ஒரு நாள் பேர் (சம்பளம்) மட்டும்தான் போகும்.