வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் கூட்டாய்வு: கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: சென்னையில் அறக்கட்டளை நடத்தும் ஒரு கல்லூரியின் சமூகவியல் துறையை, மாநகராட்சிப் பெண் கவுன்சிலர்களைப் பற்றிய மூன்றாண்டுக் கூட்டாய்வுக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று அழைத்திருக்கிறது. ஒப்பந்த வரைவும் பட்ஜெட்டும் வந்துவிட்டன. திட்ட நிர்வாகம், பாலினச் சமத்துவம், ஆய்வுத் தரம் என்று அதில் மூன்று பிரிவுகள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு பட்ஜெட் எக்செல் தாளை முதலில் திறங்கள். அதில் ‘ஆள்-மாதம்’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். யார், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை சம்பளத்தோடு வேலை செய்கிறார்கள் என்ற கணக்கு அது. முன்னுரையில் ‘சம பங்காளிகள்’ என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் உங்கள் இடம் எது என்பதை இந்த நெடுவரிசைதான் சொல்லும்.

வழக்கமான வரைவில் சென்னைப் பக்கத்துத் திட்ட உதவியாளர்களின் சம்பளம் களப்பணி முடியும் மாதத்தோடு நின்றுவிடும். பகுப்பாய்வும் எழுத்தும் நடக்கும் மூன்றாம் ஆண்டு முழுவதும் அங்குள்ள போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஒருவரின் பெயரில் இருக்கும். இங்கேதான் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் வரும் உரிமை கைநழுவுகிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வகுத்திருக்கிறது: வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுதல் அல்லது ஆழமாகத் திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்பு. நான்கும் நிறைவேறினால்தான் ஆசிரியர். மற்றத் துறை இதழ்கள் பலவும் இதை ஒட்டியே கேட்கின்றன. வேலை முடிந்து வேறு வேலைக்குப் போய்விட்டவர் இரண்டாவது நிபந்தனையிலேயே விழுந்துவிடுவார். பெயர் நன்றியுரைக்குப் போய்விடும். அந்த உதவியாளர் பெரும்பாலும் எம்எஸ்டபிள்யூ முடித்த இளம்பெண்ணாக இருப்பார். பாலினச் சமத்துவப் பிரிவில் எவ்வளவு நல்ல வாசகம் இருந்தாலும் அவரை அது காப்பாற்றாது. ஒவ்வோர் உதவியாளருக்கும் களப்பணிக்குப் பின் குறைந்தது ஆறு மாதச் சம்பளம் கேளுங்கள். கூடவே, பங்களிப்பை 14 வகைப் பணிகளாகப் பிரிக்கும் ‘கிரெடிட்’ வகைப்பாட்டை ஓர் அட்டவணையாக ஒப்பந்தத்தில் இணைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள்.

அதே தாளில், பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் செலவையும் பாருங்கள். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத ஐந்து, ஆறு மணி நேரமாகும். 60 பேட்டி என்றால் 360 மணி நேரம்; நாளுக்கு ஏழு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தாலும் ஐம்பது வேலைநாளைத் தாண்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏறக்குறைய அதே அளவு நேரம் வேண்டும். வரைவில் இரண்டையும் ஒன்றாக்கி, ஆங்கிலப் பேட்டிக்கான விலையில் போட்டிருப்பார்கள். மென்பொருள் போதும் என்பார்கள். சென்னைத் தமிழில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டியின் பகுதிகளைக் கருப்பொருள்வாரியாகக் குறியீடு இடுவது தமிழ் மூலத்தின் மேல்தான் நடக்க வேண்டும். மொழிபெயர்ப்பின் மேல் நடந்தால் ஆராயப்படுவது மொழிபெயர்ப்பாளரின் சொற்கள்.

திட்ட நிர்வாகப் பிரிவில் இரண்டு விஷயம். பட்ஜெட் தலைப்புகளுக்கிடையே பணம் மாற்றுவது, கேள்வித்தாளை முடிவு செய்வது, தரவை மூன்றாம் நபருக்குக் கொடுப்பது, கட்டுரையை இதழுக்கு அனுப்புவது ஆகிய நான்குக்கும் இரு தரப்பின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ‘கலந்தாலோசித்து முடிவெடுக்கப்படும்’ என்பது போதாது. கலந்தாலோசித்தபின் ஒரு தரப்பே முடிவெடுக்க அது இடம் கொடுக்கிறது. அடுத்தது கூட்ட நேரம். மத்திய ஐரோப்பாவில் பிற்பகல் 3 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அந்த நேரத்தில் வீட்டுப் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் கூட்டத்துக்கு வராமல் போவார். அங்கே காலை 10 மணி என்று வைத்தால் இங்கே 1.30 அல்லது 2.30. இதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

பணம் வரும் வழிக்கு வருவோம். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த ஒரு கொடையாளரின் இந்தத் தொகைக்கு மட்டும் முன் அனுமதி வாங்க வேண்டும். பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மானியமாகக் கைமாற்ற முடியாது. ஆகவே வடசென்னையில் களப்பணி செய்ய ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ப்பதாக இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே தனிப் பங்காளியாகப் பதிவு எண்ணோடு சேர்க்க வேண்டும். பாதியில் கண்டுபிடித்தால் திட்டம் அங்கேயே நிற்கும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கு எளிதில் படாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆராய்ச்சி நிதித் திட்டத்தில் நேரடிச் செலவுக்கு மேல் 25% மறைமுகச் செலவு (அலுவலகம், மின்சாரம் போன்றவை) தருகிறார்கள். மொத்தத்தில் கணக்கிட்டால் அது சரியாக 20%. எஃப்சிஆர்ஏவிலும் நிர்வாகச் செலவு உச்சவரம்பு 20%. பொருந்துகிறதே என்று விட்டுவிடக் கூடாது. நம் சட்டம் அந்த நிதியாண்டில் வந்த தொகையை வைத்துக் கணக்கிடுகிறது. தவணை குறைவாக வந்த ஆண்டில் அலுவலக ஊழியர் சம்பளமே வரம்பைத் தாண்டிவிடும். ஆய்வை முதன்மையாகச் செய்யும் அமைப்பில் களத் தரவைச் சேகரித்துப் பகுப்பவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்ற விலக்கு விதியிலேயே இருக்கிறது. உங்கள் அறக்கட்டளை அந்த வரையறைக்குள் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, பணி நியமன ஆணைகளில் அந்த வேலையை அதே சொற்களில் எழுதுங்கள்.

நிதி பாதியில் நிற்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரிட்டன் அரசு வளர்ச்சி உதவி நிதியைக் குறைத்தபோது, யுகேஆர்ஐ என்ற அந்நாட்டு ஆராய்ச்சி நிதி அமைப்புக்குக் கையிருப்பில் 12.5 கோடி பவுண்டுதான் இருந்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்குத் தேவைப்பட்டதோ 24.5 கோடி. நடந்துகொண்டிருந்த திட்டங்களையே வெட்ட வேண்டியிருந்தது. குறைந்தது 90 நாள் முன்னறிவிப்பு, நியமித்தவர்களின் சம்பளத்துக்குப் பொறுப்பு என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பாலினப் பிரிவில், ஹொரைசன் யூரோப் பணம் பெறும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாலினச் சமத்துவத் திட்டம் வைத்திருப்பது 2022 முதல் தகுதி நிபந்தனை. நமக்கு அது கட்டாயமில்லை. ஆனால் அவர்கள் அதைப் பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும், ஆளும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, எது சென்னை ஊழியருக்கும் பொருந்தும் என்று வரிவரியாகக் கேளுங்கள். மகப்பேறு விடுப்பு சட்டப்படி 26 வாரம் வரை. முனைவர் பட்ட மாணவியருக்கு யுஜிசி 240 நாள் வரை அனுமதிக்கிறது. அந்தக் காலத்துக்கு மாற்று ஆள் சம்பளம் எந்தத் தலைப்பில்? விடை இல்லையென்றால், திருமணமான பெண்ணை நியமிக்கத் தயங்கும் பழக்கம் சத்தமில்லாமல் உள்ளே வரும். பாலியல் துன்புறுத்தல் புகாரும் இப்படித்தான். 2013 சட்டப்படி களத்தில் நடப்பதும் பணியிடத்தில் நடப்பதே. வருகைப் பேராசிரியர் மேல் புகார் வந்தால் உங்கள் உள்ளகப் புகார்க் குழுவின் முடிவை அவர்கள் பல்கலைக்கழகம் ஏற்று நடவடிக்கை எடுக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

தரவைப் பற்றி: மாநகராட்சியில் 200 வார்டு, வார்டுக்கு ஒரு கவுன்சிலர். வார்டு எண்ணைப் போட்டாலே பெயரைப் போட்டது போலத்தான். மண்டலம், கட்சி, வயது மூன்றும் சேர்ந்தாலும் ஆள் தெரிந்துவிடும். எந்தப் பேட்டி யாருடையது என்று காட்டும் அடையாளத் திறவுகோல் சென்னையிலேயே இருக்கட்டும். மூலத் தரவு முழுவதையும் அங்கே அனுப்பிவிட்டால், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் கீழ் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத் தனி ஒப்பந்த விதிகள் வேண்டும். நீங்கள் எடுத்த பேட்டியை நீங்களே கேட்க முடியாத நிலை வரும்.

தரத்தை இதழின் மதிப்பெண்ணால் மட்டும் அளக்கும் வரைவை ஏற்காதீர்கள். ஏற்கத்தக்க இதழ்களைப் பட்டியலிட்ட யுஜிசி கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. கனடாவின் வளர்ச்சி ஆராய்ச்சி நிதி அமைப்பான ஐடிஆர்சி உருவாக்கிய ‘ஆர்க்யூ பிளஸ்’ முறை இந்த வேலைக்குப் பொருத்தம்: அறிவியல் நேர்மை, ஏற்புடைமை, முக்கியத்துவம், பயன்படுத்த ஆயத்தமான நிலை என்று நான்கு பரிமாணங்கள். பாலினப் பார்வையும் உள்ளூர் அறிவும் ஏற்புடைமையின் கீழ் மதிப்பிடப்படுகின்றன. கேள்வி இந்த ஊரிலிருந்து பிறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1956-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சானடோரியப் (காசநோய் மருத்துவமனை) படுக்கைகள் போதாத ஊரில் வீட்டிலேயே சிகிச்சை தரலாமா என்பதுதான் கேள்வி. தரலாம் என்று 1959-இல் வந்த விடை, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

உங்கள் ஆய்வில் தரம் கெடுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் கேள்வித்தாள். ‘முடிவெடுப்பதில் உங்கள் பங்கு என்ன’ என்று கேட்டால், கவுன்சிலர் சபையைச் சொல்கிறாரா, கட்சியைச் சொல்கிறாரா, வீட்டையா என்று தெரியாது. ‘போன வாரம் தண்ணி லாரி எந்தத் தெருவுக்குப் போகணும்னு யார் சொன்னது?’ என்று கேட்டால் தெரியும். போனை எடுப்பவர் கணவராக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான். பேட்டிக்கு இரண்டு பேர் போங்கள்: ஒருவர் கேட்க, மற்றவர் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்க. பத்துக் கவுன்சிலர்களிடம் இப்படி முன்சோதனை செய்ய முதலாண்டில் ஆறு வாரமும் அதற்கான ஆள்-மாதமும் வேண்டும் என்று உங்கள் முதல் பதில் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். கையெழுத்துக்குப் பின் ஆள்-மாத நெடுவரிசையில் ஒரு எண்ணை மாற்றவும் திருத்த ஒப்பந்தம் கேட்பார்கள்.