மறதிக்குச் சீன மருந்து: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பினாங்கில் வசிக்கிறேன். 76 வயதான என் அம்மாவுக்குச் சில மாதங்களாக மறதி கூடியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா அழைத்துச் சென்ற மருந்துக்கடையில் ஒரு கஷாயப் பொட்டலமும், ஜின்கோவும் ஹூப்பர்சினும் கலந்த மாத்திரைகளும் கொடுத்தார்கள். பொட்டலத்தில் ஜின்செங், யுவான் ழி, ஃபூ லிங், ஷீ சாங் பூ என்று எழுதியிருக்கிறது. இரண்டுமே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஞாபக சக்திக்குக் கொடுக்கப்படுபவை என்கிறார்கள். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகளும் மாத்திரையைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கடைக்காரர் சொன்ன பழமை கஷாயத்துக்கு ஓரளவு பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தாது. பொட்டலத்தில் உள்ள நான்கு சரக்குகளும் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் ஸிமியாவ் என்ற மருத்துவர் மறதிக்கென்றே எழுதிவைத்த யோகத்தைச் (மருந்துக் கூட்டைச்) சேர்ந்தவை. அவற்றில் ஷீ சாங் பூ நம் வசம்பின் நெருங்கிய உறவு. மனம் இதயத்தில் குடியிருக்கிறது, மூளையை நிரப்பும் மஜ்ஜைக்குச் சிறுநீரகமே ஆதாரம் என்பது சீன மருத்துவத்தின் கொள்கை.

இந்த யோகத்தைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் செய்யப்பட்டவை. ஸ்கோபோலமின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி எலிக்கு மறதியை வரவழைப்பார்கள். பிறகு அதைத் தொட்டி நீரில் விட்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். கஷாயம் குடித்த எலி விரைவாக மேடையேறினால், ஊசி உண்டாக்கிய கோளாறைக் கஷாயம் ஓரளவு சரிசெய்தது என்று சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் நரம்பணுக்கள் அழிந்து வரும் மறதியை அது சரிசெய்யும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

இனி மாத்திரை. பழைய சீன வைத்தியத்தில் ஜின்கோ மரத்தின் கொட்டைதான் முக்கியம். அதுவும் இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுக்கப்பட்டது. இன்று குப்பிகளில் வரும் இலைச் சாறு 1960களில் ஜெர்மனியில் உருவான தயாரிப்பு. (சீனாவின் பெயரில் விற்றால் வயது கூடிவிடும் போலும்.) அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரில் ஒரு பாதிக்கு ஜின்கோ 120 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறையும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, மறதிநோய் வருவதை ஜின்கோ குறைக்கவில்லை. 2012-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வின் முடிவும் அதுவே.

ஹூப்பர்சினின் கதை வேறு. வீக்கத்துக்கும் அடிபட்ட காயத்துக்கும் பயன்பட்ட, பாசி போன்ற ஒரு மூலிகையிலிருந்து சீன வேதியியலாளர்கள் 1980களில் அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. மறதிநோய்க்கு மருத்துவர்கள் எழுதித்தரும் டோனபெசில் என்ற மருந்தும் செய்வது இதைத்தான். அல்சைமர் என்ற மறதிநோய்க்குக் கொடுக்க ஹூப்பர்சினுக்குச் சீனாவில் அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்காவில் 210 நோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான சோதனையில், 200 மைக்ரோகிராம் வீதம் தினம் இருமுறை 16 வாரம் சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தேறவில்லை. இருமடங்கு அளவில் சிறிது பலன் தென்பட்டாலும், அதை வைத்து மருந்தைப் பரிந்துரைக்க முடியாது.

ஆகவே முதலில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. பொட்டலத்தையும் குப்பியையும் தவறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மா டோனபெசில் சாப்பிடுபவராக இருந்தால் ஹூப்பர்சினும் சேரும்போது குமட்டல் வரலாம், நாடித்துடிப்பு மிகவும் குறையலாம். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவர் என்றால் ஜின்கோவால் இரத்தக்கசிவு அபாயம் கூடும்.

மகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஜின்கோ சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில் நினைவாற்றல் கூடியதாகத் தெரியவில்லை. தேர்வு நெருங்கும்போது இரவு கண்விழிப்பதை அவள் குறைத்துக்கொண்டால், படித்தது மனதில் நிற்க அதுவே உதவும்.