மாத்திரையை நிறுத்தியும் பிபி ஏறவில்லையே, அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். ஆறு மாதம் முன்பு பிபி 168/102 இருந்ததால் அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40 கொடுத்தார்கள், 130/84க்கு வந்தது. இப்போது கூட வேலை செய்பவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டும் முருங்கைக்கீரைச் சாறும் சாப்பிடுகிறார். நிறுத்திய நான்காம் நாள் பார்த்தால் 134/86தான். இதையே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம் அம்மா. இன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ பிபி பார்த்துவிட்டு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அந்த 134/86 பூண்டு கொடுத்த பலன் என்று அவர் நினைப்பது இயல்புதான். ஆனால் அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். பாதி அளவு குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், அதனால் நிறுத்திய பிறகும் பல நாள் அதன் வேலை நடந்துகொண்டிருக்கும். நான்காம் நாள் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பழைய மாத்திரையின் மிச்சம். பத்து நாள், பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும், அதற்குள் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று பிபி பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள், எனக்குப் பயம் அங்கேதான். பிபி ஏறினால் பெரும்பாலானவர்களுக்குத் தலைவலிகூட வராது, சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் மூளை ரத்தக்குழாயையும் கெடுத்துக்கொண்டே போகும்.

இங்கிலீஷ் மருந்துதான் உசத்தி, நாட்டு மருந்து மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. சர்ப்பகந்தா வேரைக் கொண்டு ரத்தக்கொதிப்பைக் குறைக்கலாம் என்று 1949இலேயே மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார், 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். நம் மூலிகைதான், நன்றாகவே வேலை செய்தது, ஆனால் மூக்கடைப்பும், சிலருக்குக் கடுமையான மனச்சோர்வும் வந்ததால் பின்னால் அதன் பயன்பாடு குறைந்துவிட்டது. இலையோ வேரோ மாத்திரையோ, எதைச் சாப்பிட்டாலும் நான் கேட்பது இரண்டுதான்: எவ்வளவு குறைக்கிறது, என்ன கெடுதல் செய்கிறது.

பூண்டு ஆய்வுகளில் மேல் அளவை (168/102 என்றால் அதில் 168) சில புள்ளிதான் குறைத்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அளவு நிர்ணயித்த பூண்டு மாத்திரைகளில். முருங்கைக்கீரை அருமையான கீரை, தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் 168ஐ 130 ஆக்கும் மருந்து இல்லை. இருமலுக்கு அதிமதுரம் சுவைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது பொட்டாசியத்தைக் குறைத்து பிபியை ஏற்றிவிடும். இந்துப்பு நல்லது என்று வாங்குகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

மருந்தில்லாமல் பிபியைக் குறைக்க நிஜமாகவே வலுவான வழி சாப்பாட்டில் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் வெளியான டேஷ் ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்ததிலேயே ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அளவு சுமார் 11 புள்ளி இறங்கியது. எடை ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு புள்ளி. அப்புறம் உப்பு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நம்ம ஊரில் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட்டு, மதியம் ஊறுகாய், ராத்திரி அப்பளம், நடுவில் கருவாட்டுக் குழம்பு என்று போனால் அந்த ஒரு டீஸ்பூன் எந்த மூலைக்கு? குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு இதையெல்லாம் அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ராத்திரி ஷிஃப்டில் தூக்கம் கெடுவதும் பிபியை ஏற்றும். நாள் முழுக்க நின்று முழங்கால் வலிக்கிறது என்று மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதை அவரிடம் அவசியம் கேளுங்கள்.

மாத்திரையிலும் தொந்தரவு உண்டு. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், டெல்மிசார்டனால் பொட்டாசியம் கூடலாம். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், அதோடு பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறாரா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு எதுவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சித்த மருத்துவரைப் பார்க்க ஆசைப்பட்டால் அரசு மருத்துவமனைகளிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது, இந்த இரண்டு மாத்திரையின் பெயரையும் அங்கே சொல்லச் சொல்லுங்கள். செலவுதான் காரணம் என்றால், அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

வாய் கோணல், பேச்சு குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் அடுத்த நிமிடம் 108.

மாத்திரையை விடவே முடியாதா என்று அவர் கேட்பார். வீட்டில் கையில் கட்டிப் பார்க்கும் பிபி கருவியில் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, பேசாமல், காபி பீடி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, பிபி பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எடையும் உப்பும் குறைந்து, மூன்று நான்கு மாதம் அந்த எண்கள் 130/80க்குக் கீழேயே நின்றால், நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், இரண்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்துப் பார்க்கலாமா என்று நீங்களே கேட்கலாம்.