கடிகாரத்தில் வேகம் தாவுவது பழுதல்ல

வணக்கம். அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் முடிக்கப் பயிற்சி செய்கிறீர்கள். ஜிபிஎஸ் கடிகாரமோ கிலோமீட்டருக்கு 5:10 நிமிடம் என்றும் அடுத்த கணமே 6:30 என்றும் காட்டுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்ப்பது அந்தந்தக் கணத்தின் வேகம். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னல் உங்கள் இடத்தைச் சில மீட்டர் தள்ளிக் காட்டினாலே அந்த எண் தாவிவிடும். மேம்பாலத்துக்கு அடியில் கேட்கவே வேண்டாம்.

அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு 'லேப் பேஸ்' வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரி அது. தொடக்கத்தில் கொஞ்சம் ஆடும், பிறகு நிலைத்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் வேறு. 21.1 கிலோமீட்டரை 2 மணி நேரத்துக்குள் முடிக்க 5:41 போதும் என்பது காகிதக் கணக்கு. வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடியதால் பந்தய முடிவில் என் கடிகாரம் 21.4 காட்டியது. வழிநெடுக 5:40 பார்த்து மகிழ்ந்து வந்தவன், ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதமாக முடித்தேன். மிகவும் வலித்தது. நீங்கள் 5:35 வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரமே தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் பிரிக்கும் தானியங்கி லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் லேப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.