பின்னால் போன ராஜ்தூத்

நீடாமங்கலம் பட்டறையிலிருந்து மெக்கானிக் பதில்கள்

கேள்வி: ரிவர்ஸ் கியரே இல்லாத ராஜ்தூத் பைக்கைப் பின்பக்கமாகவே ஓட்டி, அம்மாப்பேட்டையிலிருந்து நீடாமங்கலம் வந்து சேர்ந்ததாக என் தாத்தா சொல்கிறார். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறோம். நம்பலாமா?
– வாசகி, வலங்கைமான்

பதில்: சிரிக்காதீர்கள் அம்மா, பாதி உண்மை. ராஜ்தூத் 175, போலந்து நாட்டு எஸ்.எச்.எல் எம்11 வண்டியின் வழியில் வந்த டூ ஸ்ட்ரோக். வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் எந்தப் பக்கம் சுற்றினாலும் துளைக்கு ஒன்றுதான். பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்பே பிளக்கில் ஸ்பார்க் விழும். கிக்கரை அரைகுறையாக மிதித்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டாது, வந்த வழியே திரும்பி ஓடும், இன்ஜினும் தலைகீழாகச் சுற்றும். அப்புறம் ஃபர்ஸ்ட் கியர் போட்டால் வண்டி பின்னால்தான் போகும்.

தொழில் பழகிய நாளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பா நடவு நேரம். வெண்ணாற்றங்கரையில் வண்டி நின்றுவிட, கேரியரில் நாற்று முடிச்சு வைத்திருந்த பெரியவர் அவசரமாக ஒரு உதை விட்டார். பிடித்தது. கிளச்சை விட்டதும் நாற்றோடு பின்பக்கமாக வாய்க்காலில் இறங்கிவிட்டார்! முனி அடித்துவிட்டதாக ஊரே பேசியது. என் குரு, ஸ்பார்க் விழும் நேரத்தை அமைக்கும் பாயிண்ட் பிளேட்டைத் தொட்டுப் பார்த்தார், லூஸாக ஆடியது. டைமிங் வைத்து முடுக்கினார், முனி போய்விட்டது.

ஆனால் தலைகீழாக ஓடும்போது ஸ்பார்க் தாமதமாக விழும், இழுவை இருக்காது. அம்மாப்பேட்டை தூரம் தாத்தா சேர்த்ததுதான். அதனால் என்ன, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: பீரங்கியை உருக்கித்தான் புல்லட் இன்ஜின் வார்த்தார்களாமே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. புல்லட்டைச் செய்த ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனி. அது அந்தக் காலத்தில் துப்பாக்கி உதிரி பாகங்கள் செய்துகொடுத்தது. முத்திரையில் பீரங்கி வந்தது அப்படித்தான். பழைய 350-இன் சிலிண்டர் வெறும் வார்ப்பிரும்பு. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. அந்த நீண்ட ஸ்ட்ரோக்தான் நிதானமான டுபுடுபுவைத் தருகிறது.

கேள்வி: முன்சக்கரத்துக்குள்ளேயே இன்ஜின் வைத்த பைக் இருந்தது என்று டீக்கடையில் ஒருவர் சாதிக்கிறார். அளக்கிறார்தானே?
– வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: அவருக்கு என் கணக்கில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1920-களில் செய்த மெகோலா அது. சக்கரத்துக்குள் 5 சிலிண்டர், 640 சிசி. கிளச் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் போகும்வரை ரோட்டில் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.