மாதம் ஒரு முறை பறக்கும் விமானத்துக்கு பேட்டரி, டயர் பராமரிப்பு

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து இரண்டு இருக்கை உள்ள சிறிய விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை பறந்தாலே அதிகம். போன தடவை ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது. வாரம் ஒரு நாள் போய்ப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டி வைத்தால் போதுமா? அவசரத்துக்கு வெளி பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து பறக்கலாமா? டயர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஆபத்து அதில்தான் இருக்கிறது. பறக்க வேண்டாம். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ உள்ள இன்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும், அது உண்மைதான். ஆனால் ரேடியோவும் விளக்குகளும் அப்படி இல்லை. மின்சார ஃபிளாப் (தரையிறங்கும்போது இறக்கையின் பின்புறம் கீழே இறங்கும் பலகை) இருந்தால் அதுவும் இல்லை. நடுவானில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நின்றுபோனால் உங்களுக்குக் கைகொடுக்க வேண்டியதே பேட்டரிதான். காலியான பேட்டரியோடு கிளம்பினால் அந்தக் கை இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பல விமானங்களில், பேட்டரியை மற்ற மின்கருவிகளோடு இணைக்கும் மாஸ்டர் ரிலே மூடுவதற்கே (அதாவது இணைப்புக் கொடுப்பதற்கே) பேட்டரியில் கொஞ்சம் உயிர் வேண்டும். ரிலே மூடவில்லை என்றால் இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடினாலும் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. பேட்டரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் செய்து, தேறுகிறதா என்று பார்த்த பிறகு பறங்கள்.

பத்து நிமிடம் ஓட்டி வைப்பதும் வேண்டாம். ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தைக்கூடக் குறைந்த வேகத்தில் ஓடும் ஆல்டர்னேட்டர் சரியாகத் திருப்பித் தராது. போதாக்குறைக்கு, எண்ணெய் போதிய அளவு சூடாகாததால் ஈரம் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். பேட்டரிக்கு நல்லது செய்யப் போய் இன்ஜினுக்குத் துரு பிடிக்க வைத்த கதையாகிவிடும்.

உங்களுடையது ஈய-அமில பேட்டரி என்று எடுத்துக்கொள்கிறேன். (லித்தியம் என்றால் இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.) சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. 24 வோல்ட் பேட்டரிக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். குறைந்த சார்ஜில் கிடக்கும்போது ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. உறைபனிக் குளிரில், காலி பேட்டரிக்குள் இருக்கும் அமிலம் உறைந்து ஓடே வெடிக்கலாம். நிறைந்த பேட்டரிக்கு அந்தப் பயம் இல்லை.

மாஸ்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சில விமானங்களில் கடிகாரம் நேரடியாகப் பேட்டரியில் இணைந்திருக்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். உங்களைப் போல அரிதாகப் பறப்பவர்களுக்கு, அந்த பேட்டரி வகைக்குத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட பராமரிப்புச் சார்ஜர் ஒன்று தேவை. வீட்டில் கிடக்கும் கார் சார்ஜர் வேண்டாம். மூடிய வகை பேட்டரியில் அது அளவுக்கு மீறி ஏற்றினால் வெளியேறும் நீரைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை. திறந்த வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதையும் முழுதாகச் சார்ஜ் ஆன பிறகே ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும்.

கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். விமானத்தின் உலோக உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பானர் பேட்டரிப் பெட்டியின் விளிம்பில் பட்டால் போதும், தீப்பொறி பறக்கும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவலாம், ஆனால் ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதால் பேட்டரி நல்லது என்று ஆகாது. ஸ்டார்ட்டருக்குத் தேவை சில நொடி. ஆல்டர்னேட்டர் போன பிறகு உங்களுக்குத் தேவை அரை மணி நேரம். அதனால் ஆண்டு ஆய்வின்போது கொள்ளளவுச் சோதனை கேளுங்கள். குறித்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டியதுதான்.

சரி, டயருக்கு வருவோம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. சக்கர உறை போட்ட ஒரு விமானத்தை, எல்லாம் சரி என்று தலையசைத்து நானே தாண்டிப் போயிருக்கிறேன். அப்புறம் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் 29 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 18. விமான டயர் 24 மணி நேரத்தில் 5 சதவீதம் வரை காற்று இழப்பதைத் தயாரிப்பாளர்களே இயல்பு என்கிறார்கள். மாதக் கணக்கில் நிற்கும் விமானத்துக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் கேஜ் வையுங்கள். தரையிறங்கி இரண்டு மூன்று மணி நேரமாவது ஆறிய டயரில்தான் அளக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் அளவு வேறாக இருக்கலாம். உங்கள் விமானக் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு.

காற்று குறைந்த டயர் நொடிக்கு நொடி மடங்கி மடங்கிச் சூடாகும், ஓரங்கள் தேயும். டியூப் உள்ள டயரில் இன்னும் மோசம்: பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம் மீது வழுக்கி, டியூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வைப் பிய்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. டயரிலிருந்து ரிம் வரை ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயின்ட் கோடு போடுங்கள். கோடு உடைந்து விலகினாலும், வால்வு சாய்ந்து நின்றாலும் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். எந்த இடத்திலாவது பள்ளம் அடிவரை தேய்ந்திருந்தாலோ, உள்நூல் தெரிந்தாலோ டயரை மாற்றுங்கள். எண்ணெயோ பிரேக் திரவமோ சிந்தியிருந்தால் சோப்பு நீரில் கழுவுங்கள்.

சக்கரத்தை நீங்களே கழற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் நாட்டு விதி உரிமையாளரை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒன்றை மறக்காதீர்கள்: பல சிறு விமானங்களின் ரிம் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுதாக இறக்காமல் அந்த போல்ட்டைத் தளர்த்தினால் பாதி ரிம் குண்டு போலப் பாயும், ஆள் உயிர் போகும். அச்சு நட்டைத் தொடும் முன்பே காற்றை இறக்கிவிடுங்கள்.

இரண்டு பேர் மாறி மாறிப் பறக்கிறீர்கள் என்பதால் காக்பிட்டில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, பேட்டரி வோல்ட், மூன்று டயரின் பிஎஸ்ஐ, எவ்வளவு காற்று ஏற்றினீர்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டை விட ஒரு டயர் மட்டும் தொடர்ந்து வேகமாக இறங்கினால் அந்த நோட்டில் தெரியும். அன்றைக்கு வால்வில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.